அஞ்சல்வழியிலிருந்து இணையவழிக்கு: இந்தியப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கத் திட்டமிடல், 1962–2023

முன்னுரை

முழுக்க முழுக்க இணையவழியில் பட்டம் வழங்க இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு வாய்ப்புத் திறந்து சில ஆண்டுகளே ஆகின்றன. அதற்குள் விரிவாக்கம் பற்றிய பேச்சு வேகம் பிடித்துவிட்டது. எத்தனை படிப்புகள் தொடங்கலாம், எத்தனை பேரைச் சேர்க்கலாம், கட்டணம் எவ்வளவு வைக்கலாம் என்ற வரிசையில்தான் திட்டங்கள் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. சேர்ந்தவர்களின் விடைத்தாளை யார் திருத்துவது, அவர்களின் ஐயங்களுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்விகள் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளப்படுகின்றன.

இந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். வகுப்பறைக்கு வெளியே பட்டம் வழங்கிய அறுபது ஆண்டு அனுபவம் நம்மிடம் உண்டு. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் பாடத்தைக் கொண்டுசேர்க்கும் வழி விரைவாக வளர்ந்தது. மாணவரை மதிப்பிடும் ஆற்றல் அதே வேகத்தில் வளரவில்லை. அந்த இடைவெளி பெருகிய போதெல்லாம் பட்டத்தின் மதிப்பு குறைந்தது. இடைவெளியை முன்கூட்டியே கணக்கில் எடுத்த இடங்களில் விரிவாக்கம் நிலைத்தது.

அஞ்சல்வழிக் காலம்

1961இல் டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழு அஞ்சல்வழிக் கல்வியைப் பரிந்துரைத்தது. அதை ஏற்று 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் பி.ஏ. படிப்பைச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. முதல் அணியில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1,100 பேர். கல்லூரி இடங்களுக்கான தேவை பெருகிக்கொண்டிருந்த காலம் அது. 1964–66 கல்வி ஆணையம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. 1986க்குள் உயர்கல்வி மாணவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினருக்கு அஞ்சல்வழி, மாலைநேரக் கல்லூரி ஆகிய வழிகளில் இடம் தர வேண்டும் என்று அது இலக்கு வைத்தது.

தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இந்த வழியில் இறங்கின. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் பெற விரும்பியவர்கள், திருமணத்துக்குப் பின் படிப்பைத் தொடர நினைத்த பெண்கள், பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்பட்ட ஆசிரியர்கள் எனக் கல்லூரி வாசலுக்கு வர இயலாத ஒரு பெரும் கூட்டத்துக்கு இது உண்மையான கதவைத் திறந்தது. இந்தப் பணியின் சமூகப் பயனைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

அக்காலத் திட்டத்தில் மூன்று உறுப்புகள் இருந்தன: அச்சிட்ட பாடங்கள், மாணவர் எழுதி அனுப்பும் விடைகளைத் திருத்தித் திருப்பி அனுப்புதல், விடுமுறை நாள்களில் நடக்கும் தொடர்பு வகுப்புகள். முதல் உறுப்பு எளிதில் பெருகக்கூடியது. ஆயிரம் பிரதி அச்சிட்ட பாடத்தைப் பத்தாயிரம் பிரதி அச்சிடுவதில் பெரிய சிரமம் இல்லை. மற்ற இரண்டுக்கும் ஆள் வேண்டும். எண்ணிக்கை ஏற ஏற விடை திருத்தும் பணி மெலிந்தது. பல இடங்களில் ஆண்டிறுதித் தேர்வு ஒன்றே மாணவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான தொடர்பாக எஞ்சியது. அஞ்சல்வழிக் கட்டணத்தில் மிஞ்சிய தொகை, நேரடி வகுப்புத் துறைகளின் செலவை ஈடுகட்டும் வருவாயாகவும் மாறியது. சேர்க்கையைக் கூட்டுவதற்கு நிதிக் காரணம் இருந்தது. மதிப்பீட்டை வலுப்படுத்த அப்படி ஒரு காரணம் இல்லை.

திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கொண்டுவந்த மாற்றம்

1982இல் ஐதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி, 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் முதல் துணைவேந்தரானார். அந்தப் பல்கலைக்கழகம் 1987இல் இரண்டே பட்டயப் படிப்புகளுடன், 4,528 மாணவர்களுடன் பாடம் தொடங்கியது. பின்னாளில் பல இலட்சம் பேரைச் சேர்த்த ஒரு நிறுவனம் இவ்வளவு சிறிதாகத் தொடங்கியது கவனிக்கத்தக்கது. சட்டம் வந்ததற்கும் முதல் மாணவர் சேர்ந்ததற்கும் இடைப்பட்ட காலத்தில் பாடம் எழுதும் முறை, படிப்பு மையங்கள், ஒப்படைப்புகளைத் திருத்தும் ஏற்பாடு ஆகியவை வடிவம் பெற்றன. பல படிப்புகளில் ஒப்படைப்புக்கு 30 விழுக்காடு மதிப்பெண் ஒதுக்கியதன் மூலம், திருத்துவது பட்டத்தின் கட்டாயப் பகுதியாயிற்று. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் இதே மரபில் உருவானது.

பின்தங்கி வந்த விதிகள்

விரிவாக்கத்துக்கு ஈடாக மேற்பார்வை வளரவில்லை. தொலைநிலைக் கல்விக் குழு 1991இல்தான் அமைந்தது. அதுவும் தானே தொலைநிலைப் படிப்புகளை நடத்திவந்த ஒரு பல்கலைக்கழகத்தின் உறுப்பாக. தொலைநிலைக் கல்வியின் தரத்தை ஆராய்ந்த மாதவ மேனன் குழுவின் பரிந்துரைக்குப் பின், 2013இல் அது கலைக்கப்பட்டுப் பொறுப்பு பல்கலைக்கழக மானியக் குழுவுக்குச் சென்றது.

இந்தத் தாமதத்தின் விலையை மாணவர்கள் கொடுத்தார்கள். 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதலின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் குறித்துத் தீர்ப்பளித்தது. 2001–2005 கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வில் தேறினால் மட்டுமே அவை செல்லும். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் செல்லாதவையாயின. பட்டத்தை நம்பிப் பதவி உயர்வு பெற்றவர்கள் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் தேர்வு மேசைக்குத் திரும்ப நேர்ந்தது. திட்டமிடும் கட்டத்தில் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை நீதிமன்றம் கேட்டது: இந்தப் பட்டம் உறுதியளிக்கும் திறன் உண்மையிலேயே சோதிக்கப்பட்டதா?

திட்டமிடல் பிழையின் இன்னொரு முகம் பிரித்தானியாவில் தெரிந்தது. அரசு நிதியில் தொடங்கிய இணையப் பல்கலைக்கழகத் திட்டம் ஏறத்தாழ 5 கோடி பவுண்டு செலவழித்தும் 900 மாணவர்களையே ஈர்த்து 2004இல் கைவிடப்பட்டது. மாணவர் தேவையை அறியாமல் தொழில்நுட்பத் தளத்தை முதலில் கட்டியது அதன் அடிப்படைப் பிழை.

என்.பி.டெல்: தேர்வு சேர்ந்தபோது

சென்னை ஐ.ஐ.டி.யில் 1999இல் முளைத்த யோசனை, 2003இல் மத்திய அரசின் நிதியுடன் ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல் திட்டமாயிற்று. அப்போதைய இயக்குநர் எம்.எஸ். அனந்த் இதில் முன்னின்றார். முதல் பத்தாண்டுகளில் இது பெரும்பாலும் காணொளிப் பாடங்களின் களஞ்சியம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யார் எவ்வளவு கற்றார் என்பது தெரியாது.

2014இல் சான்றிதழ்ப் படிப்புகள் தொடங்கியதும் நிலைமை மாறியது. பன்னிரண்டு வாரப் படிப்பில் வாரந்தோறும் ஒப்படைப்பு. அவற்றுள் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண். மேற்பார்வையுடன் மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. ஒப்படைப்பில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். செலவு எங்கே ஆகிறதோ அங்கே கட்டணத்தை வைத்த இந்த ஏற்பாடு, திட்டமிடல் நோக்கில் முக்கியமானது.

2017 ஜூலையில் மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் தொடங்கியது. பல்கலைக்கழகங்கள் ஒரு பருவப் பாடங்களில் 20 விழுக்காடு வரை அதிலிருந்து ஏற்கலாம் என்ற 2016ஆம் ஆண்டு விதி, 2021இல் 40 விழுக்காடாக உயர்ந்தது. முழுப் பட்டத்தையும் இணையவழியில் வழங்குவதற்கான விதிகள் 2018இல் வந்தன. 2020 செப்டம்பரில் விரிவாகத் திருத்தி எழுதப்பட்டன. உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில் 3.26 அல்லது அதற்கு மேல் பெற்ற நிறுவனங்கள் முன்ஒப்புதல் இன்றியே தொடங்க வழி கிடைத்தது. மருத்துவம், பொறியியல், சட்டம், செவிலியம் போன்றவை விலக்கப்பட்டன. ஒவ்வொரு பாடத்துக்கும் 250 மாணவருக்கு ஒரு வழிகாட்டி என்ற அளவும் அந்த விதியிலேயே உள்ளது.

சென்னை ஐ.ஐ.டி.யின் பட்டம்

2020 ஜூன் 30 அன்று அறிவிக்கப்பட்ட நிரலாக்கம், தரவு அறிவியல் பட்டப்படிப்பு இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். ஐ.ஐ.டி.க்களின் வழக்கமான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை, வயது வரம்பு இல்லை. விண்ணப்பித்தவர் ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை ஆகிய நான்கு பாடங்களின் முதல் நான்கு வாரப் பகுதியைப் படித்து, வாராந்திர ஒப்படைப்புகளை முடித்து, அதிலிருந்தே வரும் தகுதித் தேர்வை நேரில் எழுத வேண்டும். தேறியவர் அனைவருக்கும் இடம் உண்டு. பெற்ற மதிப்பெண்ணைப் பொறுத்து முதல் பருவத்தில் எத்தனை பாடம் எடுக்கலாம் என்பது முடிவாகிறது.

நுழைவிலேயே மதிப்பீட்டை வைத்ததால் இரண்டு பயன்கள் கிடைத்தன. வாராவாரம் காலக்கெடுவுக்குள் வேலையை முடிக்கத் தன்னால் இயலுமா என்பதை மாணவர் பெருந்தொகை கட்டுமுன் அறிந்துகொள்கிறார். பல்கலைக்கழகம் தன்னால் தாங்க முடிந்த வேகத்தில் வளர்கிறது. சேர்ந்த பிறகும் ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு இடைத் தேர்வுகள், ஓர் இறுதித் தேர்வு என எல்லாம் நகரத் தேர்வு மையங்களில் நேரில் நடக்கின்றன. செயலி உருவாக்கும் செயல்திட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு உண்டு. மாணவர் தாம் எழுதிய நிரலைத் திறந்துவைத்து, அது ஏன் அப்படி அமைந்தது என்று விளக்க வேண்டும். அடித்தளச் சான்றிதழ், பட்டயம், பி.எஸ்சி., நான்காண்டு பி.எஸ். என நான்கு படிகளில் எங்கும் இறங்கலாம். பாடத்துக்குப் பாடம் கட்டணம். குடும்ப வருமானம், இட ஒதுக்கீட்டுப் பிரிவு ஆகியவற்றைப் பொறுத்து 75 விழுக்காடு வரை சலுகை. 2023இல் தொடங்கிய மின்னணு அமைப்புகள் படிப்பில் ஆய்வகப் பயிற்சிக்கு மாணவர்கள் வளாகத்துக்கே வருகிறார்கள். எதை இணையத்தில் நடத்தலாம், எதை நடத்தக் கூடாது என்ற தெளிவு இதில் தெரிகிறது.

ஐ.ஐ.டி.க்கு உள்ள பெயரும் வளமும் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் இல்லை என்பது உண்மை. அதன் வடிவமைப்பு முறையை ஏற்பதற்கு அந்தப் பெயர் தேவையில்லை.

திட்டத்துக்கான கணக்கு

ஒரு பல்கலைக்கழகம் 10,000 பேரைச் சேர்க்க எண்ணுவதாகவும், ஒவ்வொருவரும் பருவத்துக்கு நான்கு பாடம் எடுப்பதாகவும் கொள்வோம். 40,000 பாடப் பதிவுகள் ஆகின்றன. 250க்கு ஒரு வழிகாட்டி என்றால் 160 வழிகாட்டிகள் வேண்டும். பாடத்துக்கு ஒரே ஓர் ஒப்படைப்பை மட்டும் கையால் திருத்தி, ஒன்றுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கினாலும் 10,000 மணி நேர வேலை. நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் 1,600க்கு மேற்பட்ட ஆள்நாள்கள். மூன்று நேர்த் தேர்வுகள் என்றால் பருவத்துக்கு மூன்று முறை 10,000 இருக்கைகள். எந்த மென்பொருளை வாங்கினாலும் இந்த எண்கள் முழுதாக மறைந்துவிடாது.

இந்தக் கணக்கை முதலில் போட்டால் மற்ற முடிவுகள் தாமாகவே ஒழுங்குபெறும். 40 வழிகாட்டிகளே கிடைப்பார்கள் என்றால் முதலாண்டுச் சேர்க்கை 2,500 என்பது விடை. கட்டணத்தில் எவ்வளவு திருத்துவோருக்கும் தேர்வு மையங்களுக்கும் போக வேண்டும் என்பதும் தெரியவரும். அந்தப் பங்கைத் தனிக் கணக்கில் வைத்து, பிற துறைகளின் செலவுக்குத் திருப்பாமல் காப்பது அஞ்சல்வழிக் காலம் கற்றுத்தரும் நேரடிப் பாடம்.

முடிவுரை

2022 செப்டம்பரில் மானியக் குழு, உரிய அங்கீகாரத்துடன் இணையவழியிலும் தொலைநிலையிலும் பெறும் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்கு இணை என்று அறிவித்தது. சட்டத்தின் பார்வையில் சமத்துவம் வந்துவிட்டது. வேலை கொடுப்பவரும் மேற்படிப்பில் சேர்ப்பவரும் அதை நம்ப வேண்டுமானால், தேர்வு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். இணையவழிப் பட்டத்தை நாடுபவர்களில் பலர் வேறு வழியில்லாமல் வருபவர்கள். மதிப்பிழந்த பட்டத்தால் முதலில் அடிபடுபவர்களும் அவர்களே. ஆகவே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சேர்க்கை அறிவிப்புடன் தன் வழிகாட்டிகளின் எண்ணிக்கையையும், ஒப்படைப்பைத் திருத்தித் தரும் கால அளவையும், தேர்வு மைய இருக்கைகளையும் வெளியிடுவதை மானியக் குழு கட்டாயமாக்க வேண்டும். அந்த எண்கள் அனுமதிக்கும் அளவுக்கு மேல் ஒரு மாணவரைக்கூடச் சேர்க்கலாகாது.