தோனாவூர் அம்மையும் திக்கற்ற பிள்ளைகளும்

திருநெல்வேலிச் சீமையில் களக்காட்டுக்கு அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தோனாவூர் என்றொரு சிற்றூர் உண்டு. ஊர்ப்பெயர்களில் விருப்பமுள்ள தமிழாசிரியர் எவரும் இப்பெயரைக் கேட்டவுடன் 'தோணி' என்னும் சொல்லோடு முடிச்சுப் போடவே முயல்வர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். உண்மை வேறு. 1820 முதல் பாளையங்கோட்டையில் தொண்டாற்றிய இரேனியஸ் ஐயர், 'பூமிசாஸ்திரம்' எழுதி நம் அறிவியல் உரைநடைக்குக் கால்கோள் செய்த அந்த இரேனியஸ், இவ்விடத்தில் ஒரு கோயிலும் குடியிருப்பும் அமைப்பதற்குப் பிரஷ்ய நாட்டுத் தோனாப் பிரபு பொருள் அனுப்பினார். கொடுத்தவர் பெயரோடு நம்முடைய 'ஊர்' ஒட்டிக்கொண்டது. ஆயினும் அந்தப் பெயர் உலகறிந்த பெயரானது பிரபுவால் அன்று; ஒரு பெண்மணியால். அவரைப் பற்றியே ஈண்டுச் சொல்ல வந்தேன்.

ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். அதன்பின் 1951 ஜனவரி 18-ல் கண்மூடும்வரை ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. வந்த நோக்கம் பிள்ளை வளர்ப்பன்று. சேலையுடுத்தி, தமிழ் கற்று, சில தமிழ்ப் பெண்களோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று சமயம் பரப்புவதே அவர் ஏற்றிருந்த பணி. அப்பணி திசை மாறியது ஒரே ஒரு சிறுமியால்.

அச்சிறுமியின் பெயர் பிரீனா, ஏழு வயது. பெருங்குளம் கோயிலுக்கு உரியவளாக்கப்பட்டு, அங்கே ஒரு வீட்டில் வளர்ந்துவந்தாள். ஒருமுறை தப்பியோடித் தூத்துக்குடியிலிருந்த தன் தாயிடமே போய்ச் சேர்ந்தாள். தேடி வந்தவர்களிடம் தாய் அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தண்டனையாகப் பிள்ளையின் கைகளில் சூடு போட்டார்கள். மறுபடியும் ஓடினாள். 1901 மார்ச்சு மாதம், பண்ணைவிளையில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் கண்ணில் பட்டு, மறுநாட்காலை அம்மையாரிடம் கொண்டுவரப்பட்டாள். வந்தவள் அவர் மடியில் ஏறி அமர்ந்து, தான் பார்த்ததையும் பட்டதையும் பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டினாளாம். கோயில் வீடுகளில் சிறுமியர்க்கு நேர்வது இன்னதென்று அம்மையார் முதன்முதலாகத் தெளிவுற அறிந்தது அன்றுதான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பொட்டுக்கட்டும் மரபினர்தாம் நம் இசையையும் ஆடலையும் பல நூற்றாண்டு காத்துத் தந்தனர். அக்குலத்து வீடுகள் யாவும் பெருங்குளத்து வீடு போன்றவையென்று எழுதுவது பழியாகும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் கையில் விழுந்த சூட்டுக்குக் கலையின் பெயரால் சமாதானம் சொல்லவும் முடியாது.

அவ்வாண்டே அம்மையார் தோனாவூருக்குக் குடிபெயர்ந்தார். 1904 ஜூனில் பதினேழு பிள்ளைகள் இருந்தனர். 1913-ல் 130 சிறுமியர். 1918-ல் ஆண்பிள்ளைகளுக்கும் இல்லம் எழுந்தது. பொருள் வேண்டி யாரிடமும் கையேந்துவதில்லை என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. பெயர்களைப் பாருங்கள்: பிள்ளைகளுக்கு அவர் 'அம்மா', மூத்த தமிழ்ப் பெண்கள் 'அக்காள்', ஐரோப்பியப் பெண்கள் 'சித்தி', ஆடவர் 'அண்ணாச்சி'. அநாதை விடுதி ஒன்றை ஒரு நெல்லைக் குடும்பமாக ஆக்க உறவுமுறைச் சொற்களே போதுமாயிருந்தன. மேற்பார்வையாளர், காப்பாளர் என்று பதவிப்பெயர் சூட்டியிருந்தால் அது நடந்திராது என்பது ஒரு பள்ளிக்கூடத்து மனிதனாகிய என் கருத்து.

எல்லாம் எளிதாக நடந்ததென்று எண்ணலாகாது. பால்மறவாப் பச்சைக்குழந்தைகள் வரத் தொடங்கியபோது, அவர்களை மருத்துவமனைக்கு அருகில் வைத்துக் காக்க எண்ணி, திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூரில் ஒரு பிள்ளைக்கூடம் ஏற்படுத்தினார்கள். கைம்பெண்ணான பொன்னம்மாள் என்பார் அதைப் பொறுப்பேற்று நடத்தினார். அங்கே தொற்றுநோய் புகுந்து பத்துக் குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. பொன்னம்மாளும் 1915-ல் புற்றுநோயால் மாண்டார். தோனாவூர் வரலாற்றைச் சொல்பவர் அம்மையாரின் புகழையே பேசுவர். இரவெல்லாம் விழித்துப் பாலூட்டிய இந்தத் தமிழ்ப் பெண்ணை இரண்டு வரியில் முடித்துவிடுவர். அவர் இல்லையேல் பிள்ளைக்கூடமே இல்லை.

இன்னொரு பக்கம், உடன் ஊழியர் சிலரே முகஞ்சுளித்தனர். சுவிசேஷம் சொல்ல வந்தவர் ஆயா வேலை பார்ப்பதா என்பது அவர்கள் கேள்வி. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிவிடும் என்று நம்மவர் சொல்வது அவர் காதிலும் விழுந்திருந்தது. சீடர் கால்களைக் கழுவத் துண்டைக் கட்டிக்கொண்ட தம் ஆண்டவரைவிடத் தாம் மேலானவர் அல்லர் என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார். சிறு பிள்ளையை ஏற்பவர் தம்மையே ஏற்கின்றனர் என்பது இயேசுவின் போதனை. அதை நாள்தோறும் கஞ்சி காய்ச்சும் வேலையாக விளங்கிக்கொண்டது அவரது தனித்தன்மை.

நிற்க. இத்தகைய பணியில் அவர் முதல்வர் அல்லர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாதுவருஷப் பஞ்சத்தில் அநாதைகளான பிள்ளைகளை நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் சேர்த்துக் காத்தார். 1878-ல் அங்கே தொழிற்பள்ளியும் தொடங்கினார். அதற்கும் நூறாண்டு முன்னே தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயர். துளசா மன்னர் 1787-ல் இறக்குந் தறுவாயில் தம் சுவீகாரப் புதல்வன் சரபோசியை அவர் பாதுகாப்பில் விட்டார். சுவார்ட்ஸ் அச்சிறுவனைக் கொடியவர் கையிலிருந்து மீட்டுக் கல்வி புகட்டினார். மதம் மாற்றினாரில்லை. சரபோசி சைவராகவே அரசாண்டார். தம் குருவுக்கு இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மன் கையால் பளிங்கில் நினைவுச்சின்னம் செய்வித்துத் தஞ்சைக் கோட்டைக்குள்ளிருந்த கிறிஸ்தவக் கோயிலில் நிறுவினார். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் படிப்பும் கொடுத்தவரும் அவரே. அன்பாக வளர்க்கப்பட்ட பிள்ளை பெரியவனானதும் என்ன செய்யும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

யான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆதலின் வாசகர் மனத்தில் எழும் கேள்வி என் மனத்திலும் உண்டு. தோனாவூர்ப் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாகவே வளர்க்கப்பட்டனர். தேர்ந்தெடுக்கும் வயது அவர்களுக்கு வருவதற்கு முன்னரே அது முடிவாகிவிட்டது. சுவார்ட்ஸ் காட்டிய வழியே மேலானது என்பது என் எண்ணம். ஆனால் பிரீனா கதவைத் தட்டிய அன்று வேறு எந்தக் கதவு திறந்திருந்தது? நம்மவர் மடங்களும் சத்திரங்களும் அக்காலத்தில் நிறையவே இருந்தன. ஓடிவந்த ஒரு கோயிற் பெண்பிள்ளையை ஊர்ப்பகைக்கு அஞ்சாமல் உள்ளே அழைத்திருக்கும் இடம் ஒன்றைக்கூட என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. அந்த வெட்கத்தை மறைத்துவிட்டு மதமாற்றத்தை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

இதனினும் சிக்கலானது 1911-ஆம் ஆண்டு வழக்கு. தோனாவூரில் அடைக்கலம் புகுந்த ஒரு சிறுமியைத் தாயிடம் திருப்பி ஒப்படைக்குமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்படைக்க வேண்டிய நாளுக்குள் சிறுமி மறைந்துவிட்டாள். அன்பர் சிலர் அவளை மாறுவேடத்தில் நாடு கடத்திச் சீனாவரை கொண்டு சென்றனர். ஆண்டுகள் பல கழித்தே அவள் தோனாவூராரைச் சேர்ந்தாள். சட்டப்படி இது குற்றம். அம்மையார் சிறை செல்லவும் ஆயத்தமாயிருந்தார். பிள்ளைக்குப் பெற்றவளே காவல் என்பது பொதுவிதி. அந்த விதியே பிரீனாவின் கையில் சூடாக விழுந்தது. அம்மையார் செய்தது சரியென்று எழுத என் பேனா தயங்குகிறது. தவறென்று எழுத அதைவிட அதிகமாகத் தயங்குகிறது.

சட்டத்தைத் திருத்தும் பணியை வேறொரு பெண்மணி செய்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அன்னையார் அந்தக் குலத்திலேயே பிறந்தவர். சென்னைச் சட்டசபையில் அமர்ந்த முதற்பெண்ணான அவர் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். முழுச்சட்டம் 1947-ல் வந்தது. இடையில், 1930-ஐ ஒட்டி, அக்குலத்து இளம்பெண்கள் சிலர் அவர் வீட்டில் அடைக்கலம் கேட்டு நின்றனர். விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. தம் இல்லத்திலேயே இடங்கொடுத்தார். அதுவே ஔவை இல்லம். பண்ணைவிளையில் நடந்ததுதான் சென்னையிலும் நடந்தது: திட்டம் பிறகு, குழந்தை முன்பு.

நம் மலாயா மண்ணிலும் இதே கதைதான். குழந்தை இயேசு கன்னியர் 1852-ல் பினாங்கிலும் 1854-ல் சிங்கப்பூரிலும் வந்திறங்கினர். சிங்கப்பூர் மடத்தின் சிறுவாயிலில் விடியற்காலையில் கைக்குழந்தைகள் விடப்பட்டுக் கிடந்தன. புலியாண்டிற் பிறந்த பெண்ணென்று விட்டவரும் உண்டு. வறுமையால் விட்டவரும் உண்டு. 1899-ல் கோலாலம்பூரிலும் அவர்கள் மடம் எழுந்தது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு மடத்து வாயில் எட்டாத தூரம். சயாம் ரயில் பாதைக்கு ஜப்பானியர் நம் தோட்டத்து ஆட்களை வாரிக்கொண்டு போனபின், இங்கே எஞ்சிய பிள்ளைகளைக் காத்தவர் அடுத்த லயத்துக் கிழவிகளும் ஆயாக் கொட்டகையில் தொட்டிலாட்டியவர்களுந்தாம். அவர்கள் பெயரை எந்த ஆவணமும் எழுதிவைக்கவில்லை. கலும்பாங் பக்கத்துத் தோட்டங்களில் முதியவர்களிடம் கேட்டால், தங்களை வளர்த்த, இரத்த உறவில்லாத ஓர் 'ஆயா'வைப் பற்றி இன்றும் சொல்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டி, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு என் பள்ளிக்கு வந்தார். தாய் இல்லை, தந்தை எங்கென்று தெரியாது, பிறப்புப் பத்திரமும் இல்லை. பத்திரமில்லாப் பிள்ளையைப் பதிவேட்டில் ஏற்றுவதெப்படி என்று ஒரு வாரம் அலைந்தேன். பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்தேன். இதற்கு விடை அதில் இல்லை. தோனாவூர் வரலாற்றை யான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். பத்திரம் வர இரண்டாண்டு ஆயிற்று. அதுவரை அவன் முதல் வகுப்பில் சன்னலோரம் உட்கார்ந்து, பதிவேட்டில் பெயரில்லாமலே, அகரம் எழுதிக்கொண்டிருந்தான்.