பொறுப்பாளர் யார்? நெபோஷ் செய்முறைத் தேர்வும் படவேட்டு வாழைத்தோட்டமும்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இயங்கும் நெபோஷ், 1979இல் தொடங்கப்பட்ட, பணியிடப் பாதுகாப்புக்கான தேர்வு வாரியம். அதன் பன்னாட்டுப் பொதுச் சான்றிதழைத் தமிழ்நாட்டில் தேடிப் போகிறவர்களில் வளைகுடா வேலையைக் குறிவைத்தவர்களே அதிகம். நம் ஊர்ச் சட்டத்தில் அதற்குப் பெரிய இடமில்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 40பி பிரிவின்படி, ஆயிரமோ அதற்கு மேலோ பேர் வேலை செய்யும் ஆலைகளில் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதவிக்குக் கேட்கப்படுவது அரசு ஏற்ற டிப்ளமோ. சென்னை தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்துவது அந்த வகை. நெபோஷ் வெளியூருக்கான சீட்டு. அதனால்தானோ என்னவோ, அதன் செய்முறைத் தாளையும் நம் இளைஞர்கள் வெளியூரை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள்.

ஐ.ஜி.2 எனப்படும் அந்தச் செய்முறைத் தாளில் எண் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி, இல்லையென்றால் திருத்தி மறுபடி அனுப்பு என்பதுதான் முடிவு. உண்மையான ஒரு பணியிடத்தைத் தேர்ந்தெடுத்து, ஐந்து வகைகளுக்குக் குறையாமல் பத்து ஆபத்துகளைக் கண்டறிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் யாருக்கு, எப்படிக் கேடு, இப்போது என்ன தடுப்பு உண்டு, மேற்கொண்டு என்ன தேவை, எத்தனை நாளுக்குள், பொறுப்பாளர் யார் என்று அட்டவணை நிரப்ப வேண்டும். பிறகு மூன்று நடவடிக்கைகளை முன்னுரிமையாக எடுத்து, அறம், சட்டம், பணம் என்ற மூன்று கோணங்களில் நியாயப்படுத்த வேண்டும். இந்தத் தாளை உள்ளூர் வேளாண் பணியிடத்தில் செய்வதே முறை என்பது என் வாதம். தேர்ச்சிக்கும் அது தடையில்லை. அங்கே செய்தால்தான் அட்டவணையின் கடைசிக் கட்டம், அதாவது பொறுப்பாளர் என்ற கட்டம், எவ்வளவு கடினமானது என்பது தெரியவருகிறது.

ஜவ்வாது மலையடிவாரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள படவேட்டை எடுத்துக்கொள்கிறேன். பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகர். இன்று ஆடி மாதக் கூட்டத்துக்குப் பேர்போன ரேணுகாம்பாள் கோயில். சுற்றிலும் நெல்லும் வாழையும். இங்கே ஒரு வாழைத்தோட்டத்தில் நின்று பத்து ஆபத்துகளைத் தேட வேண்டியதே இல்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, பம்புசெட்டின் ஸ்டார்ட்டர் பெட்டி, தார் சுமக்கும் தோள், காற்றில் சாயும் மரத்துக்குக் கொடுத்த முட்டு, வரப்பில் வழுக்கல், தூர்வாரக் கிணற்றுக்குள் இறங்குவது, மும்முனை மின்சாரம் ராத்திரி வரும் இடங்களில் தனியாகப் போய் மோட்டார் போடுவது. நெபோஷ் வகைப்பாட்டில் மின்சாரம், கைச்சுமை, அடைபட்ட இடம், தனியாள் வேலை, வழுக்கல் என ஐந்து வகை இதற்குள்ளேயே முடிந்துவிட்டது.

எண்ணிக்கையால் யாரும் தோற்பதில்லை. ‘எப்படிக் கேடு’ என்ற கட்டத்தில் தோற்கிறார்கள். ‘பூச்சிமருந்து, உடல்நலப் பாதிப்பு’ என்று எழுதினால் திருத்துபவருக்கு ஒன்றும் தெரியாது. தோட்டத்தில் நடப்பதைப் பார்த்து எழுதினால் அந்தக் கட்டம் வேறு மாதிரி நிரம்பும். வாழை ஆள் உயரத்தைத் தாண்டியது. ஆகவே தெளிப்பான் முனை மேல்நோக்கிப் போகிறது. தெளித்தது இலையில் பட்டு முகத்திலும் கழுத்திலும் திரும்பி விழுகிறது. சட்டை நனைந்தபடி மத்தியானம் வரை உடம்பிலேயே காய்கிறது. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் தோல் வழியாகவே உடலுக்குள் போகும். கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அவை முடக்கும்போது வியர்வை, எச்சில் பெருகும், கண்மணி சுருங்கும், முற்றினால் மூச்சு முட்டும். ‘இப்போதுள்ள தடுப்பு’ என்ற கட்டத்தில் வாயைச் சுற்றிய துண்டு ஒன்றைத்தான் எழுத முடியும் என்றால் அதையே எழுத வேண்டும். அதை மறைத்து முகக்கவசம், கையுறை என்று அழகாக எழுதும் அறிக்கை வேறு எதையோ மதிப்பிடுகிறது.

மருந்துப் பாட்டிலின் லேபிளும் கூர்ந்து பார்க்கத்தக்கது. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, சாய்த்து நிறுத்திய சதுரம் ஒன்று அதில் இருக்கும். மேல் முக்கோணத்தில் எச்சரிக்கைச் சொல், கீழ் முக்கோணத்தில் நிறம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என இறங்கும். மண்டையோட்டுச் சின்னம் சிவப்புக்கு மட்டும். மோனோகுரோட்டோபாஸை வாழைத் தண்டில் ஊசிபோட்டுக் கூன்வண்டைக் கட்டுப்படுத்துவது வேளாண் பரிந்துரைகளிலேயே நெடுங்காலம் இருந்தது. அதன் 36 சதவீதக் கரைசலை ஒன்றிய அரசு தடைசெய்தது 2023இல்தான். பாதுகாப்புப் பாடத்தில் சொல்லும் படிவரிசைப்படி முதலில் நீக்கல், பிறகு மாற்றுப்பொருள், கவசம் கடைசி. இனக்கவர்ச்சிப் பொறி வைத்து வண்டைப் பிடிப்பது முதற்படி. நம் தேர்வர்களோ முகக்கவசத்தில் தொடங்கி முகக்கவசத்திலேயே முடிக்கிறார்கள்.

பாம்பு வேறு வகைச் சிக்கல். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஆனால் தேர்வுப் படிவத்தின் ஆபத்து வகைகளில் கண்ணாடி விரியனுக்கென்று இடமில்லை. தேர்வர் அதை விட்டுவிடுவார், அல்லது வகை ஐந்தோ ஆறோ என்ற கணக்குக்காகத் தீங்கான பொருட்கள் என்ற தலைப்பில் செருகுவார். ராத்திரி மோட்டார் போடப் போகிறவரின் தனியாள் வேலையோடு சேர்த்து எழுதுவதே சரி என்பேன். டார்ச் வெளிச்சம், முழங்கால் வரை பூட்ஸ், எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது, வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் அந்த ஒரே வரிசையில் அடங்கும்.

சட்டக் கோணத்துக்கு வருவோம். பயிற்சி மையங்களின் மாதிரி அறிக்கைகளைப் பார்த்து எழுதுபவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் வரி, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை முதலாளியைக் கட்டுப்படுத்துகிறது என்பது. இந்தியா அதை ஏற்று ஒப்புதல் தரவில்லை. வேளாண்மைக்கென்றே 2001இல் வந்த 184ஆம் உடன்படிக்கையையும் ஏற்கவில்லை. பாதுகாப்பான பணிச்சூழலை 2022இல் அந்த அமைப்பு தன் பணியிட அடிப்படை உரிமைகளில் சேர்த்ததால் 155க்குப் பொதுவான ஒரு கனம் வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் படவேட்டில் ஒருவருக்குக் கிணற்றில் கால் தவறினால் எந்த அதிகாரியும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்போவதில்லை.

உள்நாட்டுச் சட்டம் நெருக்கமாகத் தெரியும், தொட்டுப் பார்த்தால் விலகும். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இருந்தவரை தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா, ஏலம் ஆகியவற்றுக்குத்தான் இருந்தது, வாழைக்கு அல்ல. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பொதுவாகப் பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஐந்தாறு பேர் களையெடுக்கும் ஒரு ஏக்கர் தோட்டம் அதற்குள் வராது. பணத்தோடு சட்டம் சேரும் இடம் ஒன்றுண்டு. டிராக்டர், மின்விசை கொண்டு செய்யும் வேளாண் வேலையை 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் தன் அட்டவணையில் சேர்த்திருந்தது. பம்புசெட்டில் ஷாக் அடித்து ஒருவர் இறந்தால் இழப்பீடு கேட்கலாம் என்று எழுத இதைவிட உறுதியான அடிப்படை கிடைப்பது அரிது. அறிக்கைகளில் இது கண்ணில் படுவதே இல்லை.

யாரிடம் கேட்பது? வாழைத்தார் முதிர்ந்ததும் மொத்த வியாபாரி தோட்டத்தையே விலைபேசித் தன் ஆட்களோடு வருவதுண்டு. வெட்டுவது அவன் ஆள், சுமப்பது அவன் ஆள், வழுக்கும் வரப்பு நிலக்காரருடையது. நிலம் குத்தகையில் இருந்தால் மூன்றாவதாக ஒருவர். மருந்தடிக்க வருபவர் தன் பவர் ஸ்ப்ரேயரோடு டேங்குக்கு இவ்வளவு என்று பேசி வருகிறார். அவருக்கு முதலாளியும் அவரே. நெபோஷ் கேட்பது ஆளின் பெயரை அல்ல, பதவியை. ஆலையில் ‘பராமரிப்பு மேலாளர்’ என்று எழுதிவிடலாம். இங்கே எழுதப் பதவி இல்லை என்பதை மறைக்காமல், ஒவ்வொரு வேலைக்கும் அன்றைக்குக் கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறதோ அவரை எழுதலாம்: கிணற்றுச் சுவருக்கு நிலக்காரர், ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் குத்தகைதாரர், தார் இறக்குவதற்கு வியாபாரி. இப்படி மூவரைக் குறிப்பிட்டு ஏன் மூவர் என்று முறை விளக்கத்தில் சொல்லும் அறிக்கையைத் திருத்துபவர் ஏற்காதிருக்கக் காரணமில்லை. பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவரைக் கற்பனையாக அமர்த்திப் பத்து வரிசையையும் அவர் தலையில் கட்டுவதுதான் பொய்.

மறுஆய்வுத் தேதிக்கும் இதே அளவுகோல்தான். ஒரு வருஷம் என்று எழுதுவது வழக்கம், வாழைக்கும் ஏறக்குறைய அது பொருந்துகிறது. ஆனால் தேதியை நாட்காட்டியில் வைக்காமல் மறுதாம்பு விடுவதா, புதுக்கன்று நடுவதா என்று முடிவெடுக்கும் வாரத்தில் வைக்க வேண்டும். குத்தகை புதுப்பிப்பும், கிணற்றுச் செலவை யார் ஏற்பது என்ற பேச்சும் நடக்கக்கூடிய வாரம் அது. கூலியாட்களுக்கு முடிவுகளைச் சொல்ல நோட்டீஸ் பலகை எதுவும் வேண்டாம். சாயங்காலம் கூலி கொடுக்கும்போது எல்லாரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.