கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை – ஒரு பில்டு வரலாறு

'மாட்' என்றதும் மாடு மேய்க்கிற பதிவு என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கணும் :-) இது கம்ப்யூட்டர் கேம் பற்றிய பதிவு. அதுவும் வாள், வில், மந்திரம், டிராகன் வகையறா. நண்பர்களில் பாதிப் பேருக்கு இந்தச் சமாச்சாரமே அலர்ஜி என்று தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கிட்டுப் படிங்க, ப்ளீஸ்.

முதல்ல ரெண்டு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிடறேன். ரோல் பிளேயிங் கேம் என்கிற ஆர்.பி.ஜி.யில் நம்ம நாயகன் எந்த இனம், எந்த ஆயுதம், என்ன கவசம், மந்திரம் தெரியுமா தெரியாதா என்று நாமே தீர்மானிக்கணும். அப்படித் தீர்மானித்ததன் மொத்தத் தொகுப்புதான் 'பில்டு'. கம்பெனி விற்ற விளையாட்டை ரசிகர்களே பிரித்து மேய்ந்து, மாற்றி எழுதி, இலவசமாக மற்றவர்களுக்குக் கொடுப்பது 'மாட்'.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி. இது தனியாக உட்கார்ந்து ஆடும் விளையாட்டு. தோற்றால் சிரிக்க ஆள் இல்லை, ஜெயித்தால் மாலை போடவும் ஆள் இல்லை. அப்படி இருந்தும், ரொம்பப் பிரபலமான சில மாட்களின் வேலையே நம்ம நாயகனைப் பலவீனமாக்குவதுதான். காசு கொடுத்து வாங்கின விளையாட்டில், மெனக்கெட்டுத் தேடிப்பிடித்து, தன் கையைத் தானே கட்டிக்கொள்ள மனுஷன் ஏன் ஆசைப்படறான்? பதில் தேடி வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினேன்.

கதை 1974ல் ஆரம்பிக்குது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் சேர்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. தாள், பென்சில், தாயக்கட்டை மாதிரி பகடை, சுற்றி உட்கார நாலு நண்பர்கள், அவ்வளவுதான். அதில் இருந்தது மூன்றே வகை ஆள்: சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி. (திருடன் அடுத்த வருஷம், 1975ல் வந்த இணைப்புப் புத்தகத்தில்தான் வந்து சேர்ந்தான்.) பலம், புத்தி மாதிரி ஆறு குணங்களுக்கும் மூன்று பகடை உருட்டணும். விழுந்ததுதான் தலையெழுத்து.

கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. மந்திரவாதிக்குக் கவசம் கிடையாது, ஆயுதம் என்று பார்த்தால் ஒரு குத்துவாள் மட்டும். பூசாரி கூர்மையான ஆயுதத்தைத் தொடக்கூடாது. அதாவது முதல் நாளிலிருந்தே, ஒரு ஆளை அடையாளம் காட்டியது அவனால் முடியாத காரியங்கள்தான். மந்திரவாதிக்கு முன்னால் யாராவது கவசம் போட்டுக்கிட்டு நிற்கணும். அதனால்தான் நாலு பேர் சேர்ந்து குழுவாகப் போக வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டருக்கு வந்தபோது 1985ல் ரிச்சர்ட் காரியட் தன்னுடைய 'அல்டிமா 4'ல் ஒரு அழகான வேலை செய்தார். எண்களை நம்ம கண்ணிலேயே காட்டவில்லை. ஒரு குறிசொல்லும் பெண் தர்மசங்கடமான கேள்விகளாகக் கேட்பாள். நேர்மையா, இரக்கமா? வீரமா, நீதியா? ரெண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். இப்படி எட்டு நற்குணங்களும் மோதி மோதி, கடைசியில் ஜெயிக்கிற குணம் நாம் யார் என்பதைச் சொல்லும். பணிவு ஜெயித்தால் நீங்கள் ஆட்டிடையன்! எட்டு வகையிலேயே சண்டைக்கு உதவாத ஆள் அவன்தான். பணிவுக்கு அவ்வளவு விலை.

அடுத்து பெதெஸ்டா கம்பெனியின் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசை. இந்தப் பதிவின் மீதிக் கதை முழுக்க இங்கேதான். 1994ல் 'அரீனா', 1996ல் 'டேகர்ஃபால்'. டேகர்ஃபாலில் நாமே சொந்தமாக ஒரு தொழிலை உருவாக்கிக்கலாம். வேண்டிய வரங்களை வாங்கிக்கலாம். ஆனால் வரம் கூடக் கூட, முன்னேறும் வேகம் குறையும். பதிலுக்குச் சாபத்தையும் ஏத்துக்கிட்டால் வேகம் கூடும். வெயில் பட்டால் உடம்பு எரியும், கோயிலுக்குள் போனால் அடி விழும், குறிப்பிட்ட உலோகத்தில் செய்த ஆயுதத்தைத் தொட முடியாது, இப்படி விதவிதமான சாபங்கள்.

நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? உயர் எல்ஃப் இனத்துக்கு உடம்பு மரத்துப்போகும் மந்திரம் பிறவியிலேயே பலிக்காது. அதனால் உயர் எல்ஃபாகப் பிறந்து, "மரத்துப்போகும் மந்திரம் என்றால் எனக்கு ரொம்ப பலவீனம்" என்று ஒரு பொய்ச் சாபத்தை எழுதி வாங்கிக்கிட்டு, வேகத்தை மட்டும் அள்ளிக்கிட்டுப் போனார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

2002ல் 'மாரோவிண்ட்' வந்தது. என் வாழ்க்கையின் எத்தனையோ இரவுகளைத் தின்ற விளையாட்டு. கைதிக் கப்பலில் வந்து சேடா நீன் என்ற சின்ன ஊரில் இறங்குவோம். ஒரு கிழட்டு அதிகாரி ஃபாரத்தை நீட்டுவார். 10 இனம், 21 தொழில், 13 ராசி (நமக்கே 12தான்!). 27 திறன்களில் ஐந்து முதன்மை, ஐந்து துணை. முதன்மைத் திறன் 30ல் தொடங்கும், துணைத் திறன் 15ல், மிச்சம் பதினேழும் வெறும் 5ல். கதை என்ன, உலகம் என்ன என்று எதுவுமே தெரியாத முதல் பத்து நிமிஷத்தில் இதையெல்லாம் முடிவு பண்ணியாகணும்.

உதாரணத்துக்கு அட்ரொனாக் ராசி. அந்த ராசியில் பிறந்தால் மந்திர சக்தி ஏராளம். எதிரி வீசும் மந்திரத்தில் பாதியை விழுங்கிவிடலாம். ஆனால் செலவான சக்தி தூங்கினாலும் திரும்ப ஊறாது. மருந்து குடிக்கணும், கோயிலுக்குப் போகணும், இல்லாவிட்டால் எவனாவது நம் மேல் மந்திரம் வீசுவான் என்று காத்திருக்கணும். கடைசி வரைக்கும் மாற்ற முடியாது. அந்த ராசிக்காரனின் வாழ்க்கையே வேறு மாதிரி. மூலிகை பொறுக்குவான், மருந்து காய்ச்சுவான், மந்திரவாதி எதிரே வந்தால் சந்தோஷப்படுவான்!

மாரோவிண்டைத் தெய்வமாக்கும் கூட்டத்தில் நான் இல்லை. அதன் முன்னேற்றக் கணக்கு ஒரு கொடுமை. முதன்மை, துணைத் திறன்கள் சேர்ந்து பத்து தடவை உயர்ந்தால் ஒரு படி ஏறலாம். அப்போது ஒரு குணத்தை ஐந்து புள்ளி உயர்த்த வேண்டுமானால், அதைச் சேர்ந்த திறன்கள் அந்தப் படிக்குள் பத்து தடவை உயர்ந்திருக்கணும். உடல் உறுதியை ஆரம்பத்திலேயே ஏற்றாவிட்டால், ஒவ்வொரு படியிலும் விட்டுப்போன உயிர்ப்புள்ளி விட்டதுதான். ஆட்கள் மளிகைக்கடைக் கணக்கு மாதிரி நோட்டுப் போட்டு எழுதினார்கள். 2006ல் வந்த 'ஒப்ளிவியன்' இதே கணக்கை வைத்துக்கொண்டு இன்னொரு வில்லங்கத்தையும் சேர்த்தது. நாம் ஏற ஏற எதிரிகளும் ஏறுவார்கள். நூறு காசு கேட்டு மிரட்டுகிற வழிப்பறித் திருடன், விலை மதிப்பில்லாத கண்ணாடிக் கவசத்தில் வந்து நிற்பான். (அதை விற்றாலே அவன் பத்து வருஷம் உட்கார்ந்து சாப்பிடலாம்.) விளைவு? "உங்களுக்குப் பிடித்த திறன்களை முதன்மையாக எடுக்காதீர்கள், பயன்படுத்தாத திறன்களை எடுங்கள்" என்பதே நிபுணர்களின் அறிவுரையாகிப் போனது. வாள் வீசுகிறவன் 'நான் வாள்வீரன்' என்று ஃபாரத்தில் எழுதினால் நஷ்டம். இது என்ன நியாயம்?

மாட் போடுகிறவர்கள் இங்கேதான் உள்ளே வந்தார்கள். மாரோவிண்ட் பி.சி. தட்டிலேயே உலகைத் திருத்தும் கருவியையும் பெதெஸ்டா கொடுத்திருந்தது. அதை வைத்து விளையாடியவர்களில் கால்சியா என்ற புனைபெயர்க்காரர் ஒரு மாட் செய்தார். கணக்குநோட்டையே தூக்கிக் கடாசினார். எந்தத் திறனைப் பழகுகிறோமோ அதற்குரிய குணங்கள் தானாக, மெதுவாக உயரும். ஒப்ளிவியனுக்கு 'ஆஸ்குரோஸ் ஒப்ளிவியன் ஓவர்ஹால்' வந்தது. எதிரி நமக்குத் தகுந்த மாதிரி மாறாமல், அவனவன் இடத்தில் அவனவன் பலத்தோடு இருக்கும்படி பெரும்பாலும் மாற்றியது. சில குகைகளுக்குள் இப்போது போகவே முடியாது. பலம் சேர்த்துக்கிட்டுத் திரும்பி வரணும்.

2011 நவம்பரில் 'ஸ்கைரிம்'. பெதெஸ்டா ஒரேயடியாகச் சுத்தம் செய்துவிட்டது. தொழில் கிடையாது, ராசி கிடையாது, குணங்களும் கிடையாது. 18 திறன்கள். எது பழகினாலும் ஏறும், படிக்கு ஒரு புள்ளி. அட்ரொனாக் இங்கேயும் உண்டு, ஆனால் மலையோரம் நிற்கும் ஒரு கல்லாக. தொட்டால் வரம், பிடிக்கலையா, நடந்து போய் வேறு கல்லைத் தொட்டால் போச்சு. சக்தி ஊறுவதும் நிற்காது, பாதி வேகத்தில் ஊறும். ஆரம்பத்தில் படிகளுக்கு ஓர் எல்லை இருந்தது, எல்லாத் திறமையையும் வாங்க முடியாது. 2013ல் வந்த 1.9 திருத்தம் அந்த எல்லையையும் எடுத்துவிட்டது. ஒரே ஆள் மகா மந்திரவாதி, திருடர் தலைவன், கொலைகாரர் சங்கத் தலைவன், கொல்லன், வைத்தியன். சகலகலா வல்லவன்!

இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2023 வரையில் ஆறு கோடிப் பிரதிக்கு மேல் விற்ற விளையாட்டு அது. ஃபாரத்தைப் பார்த்தே ஓடிப்போயிருக்கக் கூடிய லட்சக்கணக்கானவர்களை உள்ளே கூட்டி வந்தது. ஆனால் எல்லாக் கதவும் திறந்திருக்கும்போது ஒரு வேடிக்கை நடந்தது. மந்திரவாதியாக ஆரம்பித்தவன், கோடாரிக்காரனாக ஆரம்பித்தவன், எல்லாரும் இருபது மணி நேரத்தில் இருட்டில் பதுங்கி வில்லடிக்கிறவனாகப் போய்ச் சேர்ந்தார்கள். உலகம் பூரா இதே ஜோக். காரணம் எளிது. பதுங்கி அடித்தால் அம்புக்கு இரண்டு மூன்று மடங்கு பலம், எதிரி கண்ணில் பட மாட்டோம், யாருக்கு எதிராகவும் பலிக்கும், விலை எதுவும் கிடையாது. மேடு எதுவும் இல்லாத தரையில் தண்ணீர் எல்லாம் ஒரே பள்ளத்துக்குத்தானே ஓடும்.

2012 பிப்ரவரியில் ஸ்கைரிமுக்கும் திருத்தும் கருவி வந்தது. அப்புறம் வந்ததில் முக்கியமானவை ரெண்டு. எனாய் சியாயன் என்ற புனைபெயரில் எழுதுபவரின் 'ஆர்டினேட்டர்' 400க்கு மேற்பட்ட புதுத் திறமைகளைக் கொட்டியது. ஒவ்வொரு பாதையும் தனி ருசி. 'ரெக்வியம்' நேர் எதிர்த் திசை. அதில் உயிர் தானாக ஊறாது. பழக்கமில்லாமல் இரும்புக் கவசம் போட்டால் நாலு அடி ஓடியதும் மூச்சு வாங்கும். செத்து எழுந்து வரும் டிராகர்களிடமும், இயந்திர மனிதர்களிடமும் நம்ம வில்லாளியின் அம்பு பெரிதாக எடுபடாது, கதாயுதம் வேணும். ஊர்ப் பக்கத்தில் இருக்கும் ப்ளீக் ஃபால்ஸ் கல்லறைக்குள் முதல் நாளே போனால் பிணமாகத்தான் கிடக்கணும். நான் ரெக்வியத்தில் கதாயுதமும் குணப்படுத்தும் மந்திரமுமாக ஆடுகிறவன். வில்லைத் தொடுவதில்லை. வானத்தில் டிராகன் பறந்தால் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அந்த ஒளிதல்தான் என் ஆளுடைய கதை. ஸ்கைரிமை மாட் இல்லாமல் ஆடியபோது அப்படி ஒரு கதை எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கேதான் என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஒரே கூட்டம், கால்சியா மாதிரி ஒரு கஷ்டத்தை நீக்கியும் இருக்கிறது, ரெக்வியம் மாதிரி ஒரு கஷ்டத்தைச் சேர்த்தும் இருக்கிறது. முரண் மாதிரித் தெரியும். ஆனால் நீக்கியது கணக்கு எழுதும் கஷ்டம். சேர்த்தது, எடுத்த முடிவுக்கு உலகம் பதில் சொல்லும் கஷ்டம். முதலாவது, நம்மைப் பிடிக்காத வேலையைச் செய்ய வைத்துத் தண்டிக்கும். இரண்டாவது, 'நீ வில்லாளி அல்ல, வேறு வழி பார்' என்று சொல்லும். அப்படி வேறு வழி பார்க்கும்போதுதான் என் ஆளும் உங்கள் ஆளும் வேறு வேறு ஆட்களாகிறார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 2025 ஏப்ரலில் ஒப்ளிவியன் புதுப்பொலிவோடு மறுபடி வந்தது. அந்தப் பழைய மடங்குக் கணக்கு போயே போச்சு! படிக்கு 12 புள்ளி, விரும்பின மூன்று குணங்கள் வரைக்கும் பிரித்துப் போட்டுக்கலாம். முதன்மை இல்லாத திறனைப் பழகினாலும் முன்னேறலாம். நோட்டை மூடி வையுங்கள் என்று ரசிகர்கள் சொன்னது கம்பெனிக்கு எட்ட 19 வருஷம் ஆயிருக்கு.

மாட் போட்டு ஆட நினைக்கிறவர்களுக்கு ஒரே யோசனை. மாட் இல்லாத ஸ்கைரிமுக்கு எழுதின பில்டு கைடுகளைத் தூக்கிப் போடுங்க. உங்கள் மாட் பட்டியல் வேறு உலகம், அங்கே அந்த விதிகள் செல்லாது. ஆர்டினேட்டர் மாதிரித் திறமைகளையே மாற்றுகிற மாட் ரெண்டைச் சேர்த்துப் போட்டால் வரிசையில் கடைசியில் வருவதுதான் ஜெயிக்கும். அதனால் ஒன்றை மட்டும் எடுங்க. பாதி ஆட்டத்தில் அதைக் கழற்றினால் சேமித்த ஆட்டம் கெட்டுப் போகலாம். பார்த்தீங்களா, மாரோவிண்டின் கிழட்டு அதிகாரி மறுபடி ஃபாரத்தோடு வந்து நிற்கிறார் :-) அந்த ஃபாரத்தில் 'எனக்கு என்னென்ன வேணும்' என்று எழுதுவதற்கு முன்னால், 'இதை நான் செய்யவே மாட்டேன்' என்று ஒரே ஒரு வரி எழுதிப் பாருங்க.

நீங்க எழுதின அந்த ஒரு வரி என்னன்னு பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க. 'பதுங்கி வில்லடிப்பேன், வேற எதுவும் மாட்டேன்' என்கிறவர்களுக்கும் தனி நாற்காலி போட்டு வெச்சிருக்கேன்.