தர வட்டப் பேச்சு

ஓரிடத்தில் ஒருவகை வேலை செய்யும் 6 முதல் 12 தொழிலாளர், தம் வேலைமுறையின் குறையைத் தாமே ஆராய்ந்து களையும்பொருட்டு அமைக்கும் சிறு சபை தர வட்டம் எனப்படும். அதன் தலைவர் உறுப்பினரைப் பேசவைக்கவும், கண்ட முடிவை நிர்வாகத்தார்முன் நாட்டவும் கையாளும் சொல்வன்மையே தர வட்டப் பேச்சு.

1962-ஆம் ஆண்டு ஜப்பானில் பேராசிரியர் கவோரு இஷிகாவா முன்னின்று, மேற்பார்வையாளருக்கென வெளிவந்த ஒரு சஞ்சிகையைத் தொழிலாளர் கூடிப் படித்து விவாதிக்குமாறு ஊக்கியதே இவ்வியக்கத்தின் ஆரம்பமாதலின், இது புள்ளிவிவரத்தில் அன்றிப் பேச்சிலேயே பிறந்தது எனல் தகும். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்னும் மூன்று அதிகாரங்களை வள்ளுவர் அமைச்சனுக்கு வகுத்தார். தர வட்டமோ அவற்றைக் கடைசல் இயந்திரத்தருகே நிற்பவனுக்கும் உரியவையாக்கியது. இந்தியாவில் 1980-இல், ஹைதராபாத் ராமச்சந்திரபுரத்துப் பாரத மிகுமின் நிறுவன (பெல்) ஆலையில் எஸ். ஆர். உடுபாவின் முயற்சியால் இம்முறை வேரூன்றியது. 1982-இல் இந்தியத் தர வட்டப் பேரவை தோன்றியது.

இப்பேச்சு வினவல், செவிமடுத்தல், எடுத்துரைத்தல் என மூவகைப்படும். இவற்றுள் வினவலே பிரதானம். அறந்தாங்கியில் ஒரு நெல் அரவை ஆலையை மனத்தில் கொள்வோம். அரிசியில் குருணை மிகுகிறது. "இது யார் செய்த தப்பு?" என்று தலைவர் தொடங்கினால் சபை மௌனமாகும். "அவிச்ச நெல்லு களத்துல எப்படிக் காஞ்சுச்சு?" என்று கேட்டால், அதுவரை வாய் திறவாத களத்துப் பெண், "நேத்து வெயில் கடுமைங்கய்யா, கிளறிவிட ஆள் பத்தல, மேல் நெல்லு ஒரேயடியாக் காஞ்சுருச்சு" என்பாள். விரைந்து காயும் நெல் உள்ளே வெடித்து அரவையில் நொறுங்கும் என்ற உண்மை அந்த ஒரு விடையில் வெளிப்பட்டுவிடுகிறது. குற்றவாளியைத் தேடும் கேள்வி காரணத்தை மறைக்கும். காரணத்தைத் தேடும் கேள்வியே ஆட்களை ஒன்றுசேர்க்கும்.

செவிமடுத்தலாவது, சொன்னவர் சொல்லை அவர் மொழியிலேயே பலகையில் எழுதுதல். எடுத்துரைத்தலில் முன்னிருந்த அளவும் பின்வந்த அளவும் அருகருகே நிற்றல் வேண்டும், விசேஷணங்கள் வேண்டா.

தமிழகத்தில், தர வட்டங்களையும் தழுவிய முழுத்தர நிர்வாகத்துக்காகச் சென்னை பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-லும், டி.வி.எஸ். மோட்டார் 2002-லும் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றன. இன்று பெரிய ஆலைகள் பலவற்றில் தர வட்டம் வழக்கத்திலுள்ளது. சிற்றூர் ஆலையதிபர்களும் வாரம் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, களத்தில் நிற்பவரை முதலில் பேசவிடுவார்களாக.