படகின் தண்ணீர்க் குழாய்களும் கனடாக் குளிரும்: நிறத்தை நம்பவேண்டாம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒக்ரோபர் மாதம் முடிவதற்குள் பெரும்பாலான உல்லாசப் படகுகள் கரைக்கு ஏறிவிடும். சிம்கோ ஏரிக்கரையில் உள்ள ஒரு படகுத்துறையில் அந்த வேலையைத்தான் நான் செய்கிறேன். பழைய படகு ஒன்றை வாங்கிக் கோடையில் மீன்பிடிக்கப் போகும் நம்மவர்களும் இப்போது வருகிறார்கள். என்ஜினைக் குளிருக்கு எப்படித் தயார் செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். குடிதண்ணீர்க் குழாய்களைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஊரில் கடலுக்குப் போகும் சிறு படகில் குடிதண்ணீர் ஒரு பிளாஸ்டிக் கானில்தான் போகும். இங்கே 28 அடிப் படகுக்குள் ஒரு சின்ன வீடே இருக்கிறது: தண்ணீர்த் தாங்கி, பம்பி, சுடுதண்ணீர்த் தாங்கி, சமையலறைப் பைப், ஷவர், மலசலகூடம்.

தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு ஏறக்குறைய 9 வீதம் கூடும். வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய் அதைச் சில வேளை தாங்கிக்கொள்ளும். பம்பியின் உறை, வடிகட்டியின் கிண்ணம், பித்தளை மூட்டுகள் தாங்காது. வெடிப்பு விழுந்தது பனிக்காலத்தில் தெரியவராது. மே மாதத்தில் பம்பியைப் போட்டதும் படகின் அடியில் தண்ணீர் நிற்கும்போதுதான் தெரியும். காப்புறுதி இருக்கிறதே என்று நினைப்பவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை வாசிக்கவும். உறைவினால் வரும் சேதத்தைச் சில ஒப்பந்தங்கள் சேர்ப்பதில்லை.

முதல் வேலை, சுடுதண்ணீர்த் தாங்கியின் மின்சாரத்தை நிறுத்துவது. தண்ணீர் இல்லாமல் சூடேறினால் அதன் மின்சுருள் எரிந்துபோகும். பிறகு எல்லாப் பைப்களையும் திறந்து, பம்பியால் பிரதான தாங்கியை வெறுமையாக்குங்கள். பைப்பில் காற்றுத் துப்பத் தொடங்கியதும் பம்பியை நிறுத்திவிடவேண்டும். சுடுதண்ணீர்த் தாங்கி இதனால் வெறுமையாகாது. அதற்குக் கீழே தனி வடிகால் உண்டு. மேலே உள்ள பாதுகாப்பு வால்வையும் திறந்தால்தான் காற்று உள்ளே போய்த் தண்ணீர் முழுதாக இறங்கும். வடிகட்டியின் உள்பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் கிண்ணத்தைத் திரும்பப் பூட்டுங்கள்.

இவ்வளவு செய்தாலும் பள்ளமான வளைவுகளிலும் பம்பிக்குள்ளும் தண்ணீர் தங்கும். அதற்காகத்தான் உறைதடுப்புத் திரவம். இங்கேதான் ஆபத்தான குழப்பமும் வருகிறது. குடிதண்ணீர்க் குழாய்க்கு உரியது புரோப்பிலீன் கிளைக்கோல். வழக்கமாக இளஞ்சிவப்பு நிறத்தில் வரும். கார் ரேடியேற்றருக்கு ஊற்றுவது பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல். அது நஞ்சு, சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். இனிப்பாக வேறு இருக்கும். “பச்சை காருக்கு, சிவப்பு தண்ணீருக்கு” என்று ஆட்கள் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். கார்த் திரவமும் இளஞ்சிவப்பில் விற்கிறது. ஆகவே நிறத்தைப் பார்க்கவேண்டாம், கானில் எழுதியிருக்கும் பெயரை வாசியுங்கள். மதுசாரம் கலந்தவையும் உண்டு. அவை தீப்பற்றக்கூடியவை, சில றப்பர் வளையங்களையும் காயவைத்துவிடும். நான் வாங்குவதில்லை.

திரவத்தைப் பெரிய தாங்கிக்குள் கொட்டுவது வீண். அடியில் கிடக்கும் தண்ணீரோடு கலந்து அதன் வலு குறைந்துவிடும். தாங்கியிலிருந்து பம்பிக்கு வரும் குழாயைக் கழற்றி, நேரே திரவக் கானுக்குள் விடுங்கள். சுடுதண்ணீர்த் தாங்கிக்குள் போகும் குழாயையும் வெளியே வரும் குழாயையும் ஒன்றோடொன்று இணைத்து, தாங்கியை விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அதை நிரப்பவே 20 லீற்றருக்கு மேல் போகும். விலக்கினால் 3.78 லீற்றர்க் கான் மூன்று எங்களுக்குப் பொதுவாகப் போதும். பிறகு ஒவ்வொரு பைப்பாக, முதலில் குளிர் பக்கம், அடுத்துச் சூட்டுப் பக்கம் திறவுங்கள். பின்தளத்து ஷவரை மறக்கவேண்டாம். நான் பார்த்தவரையில் அதிகம் வெடிப்பது அதுதான்.

சிவப்பு வந்தவுடன் பைப்பைப் பூட்டிவிடுவார்கள். முதலில் வருவது தண்ணீர் கலந்த வெளிறிய சிவப்பு. அது திரவம் வந்துசேர்ந்ததை மட்டுமே சொல்லும், அதன் வலுவைச் சொல்லாது. கானில் இருக்கும் அதே அடர்ந்த நிறம் வரும்வரை விடுங்கள். கானில் பூச்சியத்துக்குக் கீழ் 45 பாகை செல்சியஸ் என்று போட்டிருப்பது, கலப்பில்லாத திரவத்தில் குழாய் வெடிக்காது என்பதற்கான அளவு. அதற்கு வெகு முன்னரே அது கஞ்சிபோலக் குழையும். அதற்குப் பயப்படத் தேவையில்லை. வேலை முடிந்தபின் பைப்களைத் திறந்தபடியே விடுங்கள்.

மலசலகூடத்தின் கழிவுத் தாங்கியைப் படகுத்துறையில் உறிஞ்சி எடுக்கவேண்டும். ஏரிக்குள் விடுவது இங்கே சட்டவிரோதம். பிறகு அதற்குள்ளும் அதே திரவம்.

வசந்தத்தில் நுரை நிற்கும்வரை கழுவுங்கள். பிறகு 100 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர் என்ற அளவில் 5 வீத மணமற்ற புளீச் கலந்து, நான்கு மணித்தியாலம் குழாய்களில் நிற்கவிட்டு, மணம் போகும்வரை திரும்பக் கழுவுங்கள். அதன்பின்தான் புதிய வடிகட்டி. பல படகுகளில் சுடுதண்ணீரைச் சூடாக்குவது என்ஜினின் குளிர்விப்புத் திரவம் ஓடும் சுருள். அந்தச் சுருள் வெடித்திருந்தால் எதிலீன் கிளைக்கோல் உங்கள் பைப்புக்கே வரும். குழாய்களைக் கழுவியபின்னும் சுடுதண்ணீரில் நிறமோ இனிப்பு மணமோ இருந்தால் ருசி பார்க்கவேண்டாம். என்ஜினின் திரவ மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், தாங்கியைக் கழற்றுங்கள்.