எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றவர்கள்

விளையாட்டின் வரலாறு என்றதும் வென்றோர் பட்டியலே நம் நினைவுக்கு வருகின்றது. எந்த ஆண்டில் எந்தக் கல்லூரி கிண்ணத்தைக் கைப்பற்றியது, எவர் எத்தனை புள்ளிகள் ஈட்டினார் என்பனவற்றைக் கல்லூரி மலர்கள் பக்கம் பக்கமாகப் பதிந்து வைத்துள்ளன. ஆயினும் ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய முற்படுவோர் அப்பட்டியலோடு அமைந்துவிட முடியாது. ஒரு சுற்றுப்போட்டியிற் கலந்துகொண்ட அணிகள் எவை என்று கேட்கும்போதே, கலந்துகொள்ள இடமளிக்கப்படாத அணிகள் எவை என்றும் கேட்டாக வேண்டும். கூடைப்பந்தாட்டத்தின் வரலாறு இக்கேள்விக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு. அவ்வரலாற்றின் ஒரு கிளை நம் திருகோணமலையையும் தொட்டுச் செல்கின்றது.

1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1957 ஒக்ரோபரிற் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைக்கும்வரை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இத்துறைமுகத்தைத் தம் ஏகாதிபத்தியத்தின் கீழைத்தேயக் காவலரணாக வைத்திருந்தனர். பீரங்கிகளையும் எண்ணெய்க் குதங்களையும் கொண்டுவந்தவர்கள் தம் ஆட்டங்களையும் உடன் கொண்டுவந்தனர். கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் ஹொக்கியும் ஆள்வோரின் கொடியோடு நம் நாட்டிற்கு வந்தவை. கூடைப்பந்தாட்டமோ அவ்வழி வந்ததன்று. அது பிரித்தானியரின் ஆட்டமே அன்று. அமெரிக்காவிற் பிறந்து, கிறித்தவ இளைஞர் சங்கங்களின் வழியாகவும் துறவிகளின் வழியாகவும் உலகெங்கும் பரவியது.

1891 டிசம்பரில், மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடா நாட்டவர், பனிக்காலத்திற் கட்டடத்தினுள்ளே ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை வகுத்தார். பீச் பழம் சுமக்கும் இரண்டு கூடைகள், ஓர் உதைபந்து, பதின்மூன்று விதிகள்: இவையே அதன் மூலதனம். பரந்த புற்றரை வேண்டியதில்லை. விலையுயர்ந்த மட்டையும் காப்பணியும் வேண்டியதில்லை. ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ற ஆட்டம் இதுவே எனலாம். 1920இல் ஹரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் நிறுவிய உடற்கல்விக் கல்லூரி, தென்னாசியப் பாடசாலைகளுக்கு இவ்வாட்டத்தை எடுத்துச் சென்ற ஆசிரியர்களை உருவாக்கிற்று. இலங்கையிலிருந்து சென்று அங்குப் பயின்று திரும்பியவர்களும் பலர்.

ஆட்டம் எளியதாயிருந்தது. ஆட வருவோரைத் தெரிந்தெடுத்த சமுதாயம் அவ்வாறு எளியதாயிருக்கவில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் வட்டார அடிப்படையிற் கூட்டமைப்புகளாக ஒன்றுசேர்ந்து போட்டிகளை நடத்தும் வழக்கமுடையவை. 1921இல் தென்மாநிலங்களின் 14 கல்லூரிகள் அற்லான்ரா நகரிற் கூடித் ‘தென்பகுதிக் கூட்டமைப்பு’ என்ற ஒன்றை நிறுவின. அடுத்த ஆண்டே அதே நகரில் அதன் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நடைபெற்றது. வட கரோலினாப் பல்கலைக்கழகம் வாகை சூடிற்று. கல்லூரிக் கூட்டமைப்புச் சுற்றுப்போட்டிகளுள் மிகப் பழையது இதுவே என்று பெருமையுடன் குறிப்பிடுவர். ஆனால் அன்று கலந்துகொண்ட அணிகளுள் ஒரு கறுப்பின மாணவன்கூட இல்லை என்பதைப் பெருமை பேசுவோர் விரைந்து கடந்துவிடுவர். அக்கல்லூரிகளின் வாயில்களே அம்மாணவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தபோது, மைதானத்தின் வாயில் எவ்வாறு திறந்திருக்கும்?

அடைக்கப்பட்டோர் வாளாவிருக்கவில்லை. கறுப்பினக் கல்லூரிகள் 1912இலேயே தமக்கென ஒரு விளையாட்டுக் கழகத்தை அமைத்துக்கொண்டன. 1946இல் வாசிங்ரன் நகரில் அக்கழகம் தன் முதலாவது கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியை நடத்திற்று. அவ்வணிகளைப் பயிற்றியோருள் தலைசிறந்தவர் ஜோன் மக்லென்டன். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் நெய்ஸ்மித்திடமே பாடங்கேட்ட மாணவர் அவர். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரிடமே அதைக் கற்ற அவருக்கு, அப்பல்கலைக்கழக அணியில் ஆட மட்டும் இடம் கிடைக்கவில்லை. தோலின் நிறமே தடையாயிற்று.

1944 மார்ச் மாதம் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. வட கரோலினாவின் டர்ஹம் நகர மக்கள் தேவாலயங்களில் இருந்த வேளையில், டியூக் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் வெள்ளை இன மாணவர்கள் ஊரார் கண்ணிற் படாதவாறு கறுப்பினக் கல்லூரிக்கு வந்துசேர்ந்தனர். உடற்பயிற்சி மண்டபத்தின் கதவுகள் பூட்டப்பட்டன. பார்வையாளர் எவரையும் உள்ளே விடவில்லை. மக்லென்டனின் அணி 88க்கு 44 என்ற புள்ளிகளால் வென்றது. பின்னர் இரு திறத்தாரும் கலந்து, புதிதாக அணி பிரித்து, மீண்டும் ஆடினர். இளைஞர் சிலர் பந்தாடியது அவ்வளவே. ஆயினும் அன்றைய சட்டத்தின் பார்வையில் அது குற்றம். அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே, 1996இல், இச்செய்தி உலகறிய வெளிவந்தது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 1893இல் அமைக்கப்பட்ட திருகோணமலைக் கத்தோலிக்க மறைமாவட்டம், 1895இற் பிரெஞ்சு இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஒர்லியன்ஸ் நகரை மையமாகக் கொண்ட இயேசு சபையினர் இங்கு வரலாயினர். 1947இல் ஆயராக நியமனம் பெற்ற இக்னேசியஸ் கிளெனியும் அச்சபையினரே. 1948இல் இங்கு வந்த இயூஜின் ஹீபர்ட் அடிகளார், பின்னாளில் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டப் பயிற்சியாளராகப் புகழ்பெற்றார். தலைநகரத்துப் பெருங்கல்லூரிகளுக்கு முன்னே கிழக்கிலங்கைப் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நிற்க வழிசெய்தோருள் அவர் முதன்மையானவர்.

இவ்விடத்திலே வரலாற்றின் முரண் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1956இல் லூசியானாச் சட்டமன்றம் ஒரு சட்டத்தை இயற்றிற்று. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மைதானத்தில் விளையாடுவதை அது தடைசெய்தது. பார்வையாளர் இருக்கைகளையும் நிறத்தின்படி பிரிக்கக் கட்டளையிட்டது. அதே காலத்தில், அதே மாநிலத்திற் பிறந்த வெள்ளை இனத் துறவி ஒருவர், மட்டக்களப்பு வாவியோரத்தில் கறுத்த நிறத்துப் பிள்ளைகளுக்குப் பந்தெறியக் கற்றுக்கொடுத்தார். தம் சொந்த ஊரில் அவர் அவ்வாறு ஓர் அணியைக் கூட்டி வெள்ளையரோடு மோதவிட்டிருந்தால், அது சட்டவிரோதமாகியிருக்கும். 1959இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் உறுதிசெய்த தீர்ப்பினாலேயே அச்சட்டம் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்தாலும் வழக்கம் உடனே ஒழிந்துவிடுவதில்லை. 1921இல் தென்பகுதிக் கூட்டமைப்பை நிறுவிய கல்லூரிகளுள் மிசிசிப்பி மாநிலக் கல்லூரியும் ஒன்று. 1959இலும் 1961இலும் 1962இலும் அது தன் வட்டாரத்தில் முதலிடம் பெற்றும் தேசியச் சுற்றுப்போட்டிக்குச் செல்லவில்லை. அங்குக் கறுப்பின வீரர்களை எதிர்த்து ஆட நேரிடும் என்பதே காரணம். 1963இலும் பயணத்தைத் தடுக்க நீதிமன்றத் தடையுத்தரவு பெறப்பட்டது. உத்தரவு கைக்குக் கிடைக்குமுன் பயிற்சியாளர் மாநில எல்லையைக் கடந்தார், அணியும் விமானமேறிற்று. மார்ச் 15ஆம் நாள் அவர்களை எதிர்த்து நின்றது சிக்காகோ லொயோலாப் பல்கலைக்கழகம். அதுவும் இயேசு சபையினரின் நிறுவனமே. அதன் முதல் ஐவருள் நால்வர் கறுப்பினத்தார். ஆட்டம் தொடங்குமுன் இரு அணித் தலைவர்களும் கைகுலுக்கினர். லொயோலா 61க்கு 51 என வென்று, அவ்வாண்டின் தேசிய வாகையையும் சூடிற்று.

இவற்றைப் படித்து, ‘அமெரிக்கரின் நிறவெறிதான் என்னே!’ என்று வியப்பதோடு நாம் நின்றுவிடுவோமாயின், அது போலி முற்போக்காகும். நம் வீட்டுக் கோடியில் நடந்தது என்ன? 1920களின் இறுதியில், அரச நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சமஆசனம் அளிக்க வேண்டுமென்று உத்தரவு வந்தபோது, யாழ்ப்பாணத்து உயர்சாதியார் சிலர் அதை எதிர்த்து மனுக் கொடுத்தனர். பாடசாலைக் கொட்டில்களுக்குத் தீ வைத்தோரும் உண்டு. வாங்கில் அருகிருந்து படிக்க விடாத சமுதாயம், மைதானத்திலே தோளோடு தோள் மோத விட்டிருக்குமா? லூசியானாவின் சட்டம் ஏட்டில் எழுதப்பட்டது. நம்முடைய சட்டம் ஏட்டில் இல்லை. ஆயினும் அதை அறியாதவர் எவருமில்லை.

இந்நிலையை அசைத்த பெருமாற்றங்கள் இரண்டு. 1945 ஒக்ரோபரில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி ஒன்று. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமை மற்றொன்று. பணமும் குலமும் சமயமும் காவல்நின்ற வாயில்களை இவை பெருமளவு திறந்துவிட்டன. கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாக உயரும் இன்றைய பாடசாலைப் போட்டிகளிற் கிராமத்துப் பாடசாலையும் நகரத்துக் கல்லூரியும் ஒரே பட்டியலில் இடம்பெற உரிமை பெற்றிருப்பது இம்மாற்றங்களின் விளைவே.

அவ்வுரிமையின் பெறுமதியைத் திருகோணமலைக்குமேல் உணரவேண்டிய மாவட்டம் வேறில்லை. விபுலானந்த அடிகளாரின் பணியோடு பிணைந்த இராமகிருஷ்ண சங்க ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, புனித சூசையப்பர் கல்லூரி, சாஹிராக் கல்லூரி, தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் 1923இல் நிறுவிய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி என, நகரின் கல்விக்கூடங்கள் பெயரளவிலேயே சமயத்தாற் பிரிந்து நிற்கின்றன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 3 இலட்சத்து 79 ஆயிரம் மக்கள் வாழும் இம்மாவட்டத்தில் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் கலந்துறைகின்றனர். இவர்தம் பிள்ளைகள் வெவ்வேறு பாடசாலைகளில் வெவ்வேறு மொழிகளிற் பயில்கின்றனர். இவர்கள் ஒருவரையொருவர் நேருக்கு நேர் காண்பதற்குச் சுற்றுப்போட்டியைவிட வேறு பொதுவிடம் எத்தனை உண்டு? எதிரணியாக நிற்பதற்கும் முதலில் ஒருவரை ஒருவர் சமமாக ஏற்கவேண்டும் அன்றோ!

பெண்களின் நிலையும் சிந்திக்கத்தக்கது. கூடைப்பந்தாட்டத்திலிருந்து இங்கிலாந்திற் கிளைத்த வலைப்பந்தாட்டமே நம் மகளிர் கல்லூரிகளில் வேரூன்றிற்று. அதில் ஒவ்வோர் ஆட்டக்காரியும் தனக்கென வகுத்த பகுதிக்குள்ளேயே இயங்கவேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுதல் கூடாது. பெண்ணின் நடமாட்டம் பற்றிய அக்காலக் கருத்து அவ்விதிகளிற் படிந்திருப்பது கண்கூடு. ஆயினும் அக்கோடுகளுக்குள் நின்றே ஒரு தமிழ்ப் பெண் வரலாறு படைத்தார். யாழ்ப்பாணத்திற் பிறந்து கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயின்ற தர்ஜினி சிவலிங்கம், 2018இல் இலங்கை அணி ஆசிய வாகை சூடியதில் முதன்மைப் பங்கு கொண்டார்.

கதை இத்துடன் இனிதே முடிந்துவிடவில்லை. 1990 ஓகஸ்ட் 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட ஹீபர்ட் அடிகளாரும் அவருடன் சென்ற தமிழ் இளைஞர் ஒருவரும் வழியிற் காணாமற் போயினர். மனித உரிமை மீறல்களைக் கண்டித்துக் குரலெழுப்பியவர் அவர். நாற்பதாண்டுகளுக்கு மேல் இம்மண்ணில் உழைத்தவரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. 2006 ஜனவரி 2ஆம் நாள், திருகோணமலைக் கடற்கரையிற் கூடியிருந்த தமிழ் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2019இல் அவ்வழக்கின் சந்தேக நபர்கள் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். இளைஞர் நால்வர் ஒன்றுகூடுவதே ஆபத்தாயிருந்த ஒரு காலத்தை இம்மாவட்டம் கடந்து வந்திருக்கிறது. ஆகவே பிள்ளைகள் அச்சமின்றி ஒரு மைதானத்திற் கூடுவது இங்கு வெறும் பொழுதுபோக்கன்று.

இன்று எந்தச் சட்டமும் எந்தப் பிள்ளையையும் மைதானத்திலிருந்து விலக்குவதில்லை. ஆனால் சீமெந்துத் தளமும் கம்பத்து வளையமும் பயிற்றுவதற்கோர் ஆசிரியரும் இல்லாத பாடசாலைக்குப் போட்டி அறிவித்தல் வந்தும் என்ன பயன்? நகரத்துக் கல்லூரிக்கு உள்ளது வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் தோப்பூரிலும் உள்ள பிள்ளைக்கும் வேண்டும். வறுமை, சட்டத்தைவிட ஓசையின்றி விலக்கும் வல்லமையுடையது. அதற்கு எதிராக எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! அடுத்த முறை ஒரு சுற்றுப்போட்டியின் அணிப் பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது அதை இருமுறை படியுங்கள். முதன்முறை, அதில் உள்ள பெயர்களுக்காக. இரண்டாம் முறை, அதில் இல்லாத பெயர்களுக்காக. இல்லாத பாடசாலை எது, அது ஏன் வரவில்லை, அதை அழைத்துவர நாம் செய்யவேண்டியது யாது என்று விசாரியுங்கள். கிண்ணத்தை யார் வென்றார் என்பதை எழுத ஆட்கள் பலர் இருக்கின்றனர். இதை எழுதும் கடமை நமக்குரியது.