பறையும் வடுவும்: செங்கல்பட்டுச் சீமையிலிருந்து கே.ஏ. குணசேகரன் வரை

வாகன ஆலைகளும் மின்னணுப் பொருள் ஆலைகளும் இன்று நெருங்கி நிற்கும் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரம், 1997இல் காஞ்சிபுரம் மாவட்டம் தனியே அமையும்வரை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆர்க்காட்டு நவாப் 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் உரிமையோடு கூடிய மானியமாக, வழங்கிய இச்சீமையின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களைத் தாமஸ் பர்னார்டு 1767 தொடங்கி 1774 வரை அளந்து கணக்கெடுத்தார். ஊரின் நிலத்தைப் பங்குகளாகப் பரம்பரையாக ஆண்டுவந்த மிராசுதாரர்களும், களத்து மேட்டில் நெல்லைப் பங்கிடுமுன் 'மேரை' எனும் தானியப் பங்கைப் பெற்ற ஊர்ப் பணியாளர்களும் கொண்ட ஓர் ஒழுங்கை அக்கணக்குகளில் காண முடிகிறது. இந்த ஒழுங்கின் அடித்தட்டில் சேரி மக்கள் வைக்கப்பட்டிருந்தனர். சாவுக்கும் திருவிழாவுக்கும் பறை அடிப்பது அவர்கள்மேல் சுமத்தப்பட்ட கடமையாக இருந்ததேயன்றி அவர்கள் விரும்பி ஏற்ற கலையாகக் கருதப்படவில்லை.

கருவியின் வரலாறோ இக்கடமையைவிட மிகப் பழையது. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள், அதாவது அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம் முதலியவற்றுள், பறையையும் ஒன்றாகத் தொல்காப்பியம் வைக்கிறது. மரத்துண்டுகளை வளைவாக இணைத்த சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டி, அடிக்குமுன் நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றி, ஒரு கையில் மெல்லிய நீண்ட சிம்புக் குச்சியும் மறுகையில் தடித்த குட்டையான அடிக்குச்சியும் கொண்டு வாசிக்கும் இக்கருவி, நுட்பமான தாள அறிவும் உடல்வலிவும் ஒருங்கே வேண்டுவது. ஆயினும் வாசிப்பவரின் சாதியையும், சாவோடும் மாட்டுத் தோலோடும் சேர்த்துப் பார்க்கப்பட்ட தீட்டையும் காரணமாக்கி, இந்நுட்பம் முழுவதையும் கலை என்ற கணக்கிலிருந்தே ஊர் விலக்கி வைத்தது. இது தற்செயலாக நேர்ந்த மறதி அல்ல. உழைப்பைப் பெற்றுக்கொண்டு உழைப்பவரின் அறிவை மறுப்பது அவ்வொழுங்கு நிலைத்திருக்கத் தேவையாயிற்று.

செங்கல்பட்டு ஆட்சியராகப் பணியாற்றிய ட்ரெமன்ஹீர் 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கை, இச்சீமையின் பறையர் நிலையை விரிவாக எடுத்துரைத்தது. உழைப்பவர் குடியிருந்த மனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்ததால், கூலி கேட்டாலோ பணியை மறுத்தாலோ வீட்டையே இழக்க நேரும் என்பது அவர் சுட்டிய அடிப்படைக் காரணங்களுள் ஒன்று. பறையை மறுப்பது ஒரு குடும்பத்தால் ஏன் எளிதில் முடியவில்லை என்பதற்கும் இதுவே விளக்கமாகும். அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1892 அரசாணையின்வழி ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டு, பிற சாதியாருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு வழங்கப்பட்ட நிலங்களே பஞ்சமி நிலங்கள். அடுத்த ஆண்டில், இதே மாவட்டத்தின் கோழியாளம் ஊரைச் சேர்ந்த இரட்டைமலை சீனிவாசன் இழிவாகக் கருதப்பட்ட சாதிப் பெயரையே தலைப்பாக்கிப் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் தீண்டப்படாதாருக்குள்ள உரிமையை உறுதிசெய்யும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவரும் அவரே.

இருபதாம் நூற்றாண்டின் தலித் இயக்கங்களில் பறை குறித்து இரு நிலைப்பாடுகள் வளர்ந்தன. இழிதொழிலின் அடையாளமாகிய பறையைத் தொடவே கூடாது என்றது ஒன்று. கட்டாயத்தை மட்டும் ஒழித்து, கருவியைத் தம் விருப்பத்தால் தம் மேடையில் முழக்க வேண்டும் என்றது மற்றொன்று. முதல் நிலைப்பாட்டின் நியாயத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. மறுத்தவர்கள் ஊரின் பகையைத் தாங்கியே மறுத்தனர். எனினும் அம்மறுப்பு உண்டாக்கிய துணிவின்மேல்தான் இரண்டாவது நிலைப்பாடு காலூன்ற முடிந்தது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற இசையையும் பறையையும் தேவாலய வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். மக்கள் மேடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒருசேர அவ்விசையைக் கொண்டுசென்றவர் கே.ஏ. குணசேகரன்.

இளையான்குடிக்கு அருகிலுள்ள மாரந்தையில் 1955இல் பிறந்த குணசேகரன், இடதுசாரி மேடைகளில் நாட்டுப்புறப் பாடகராக அறியப்பட்டு, 'தன்னானே' கலைக்குழுவை நடத்தி, கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலைத் தமிழகமெங்கும் ஒலிக்கச் செய்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறைப் பேராசிரியராகவும், பின்னர் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கினார். மேடையில் பாடுபவர் ஆய்வாளராகவும் இருக்கும்போது ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும் இடர் உண்டு. முழக்கம் ஆய்வைத் தட்டையாக்கலாம், பதவி முழக்கத்தை அடக்கலாம். பாடல், நாடகம், ஆய்வு ஆகிய மூன்றையும் இறுதிவரை கைவிடாதிருந்ததே அவருடைய வாழ்வின் பெருஞ்சிறப்பு.

அவர் முழுவீச்சோடு இயங்கிய 1990களில் ஒரகடம் வட்டாரமும் மாறத் தொடங்கியது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தலித் எழுச்சி வலுப்பெற்ற அப்பத்தாண்டில், 1994இல் செங்கல்பட்டு மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நில மீட்புக்காகப் போராடியோர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். 1998இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. மாதச் சம்பளம் பெறுபவரை மேரை நெல்லாலோ மனையாலோ கட்டிவைக்க இயலாது. பறைக் கடமையைத் தாங்கிநின்ற பொருளியல் அடித்தளம் இங்ஙனம் தளர்ந்தது. ஆனால் சாதி மதிப்பீடு கூலியோடு மட்டும் பிணைந்ததன்று. ஆகவே பண்பாட்டுத் தளத்தில் செய்ய வேண்டிய பணி அப்படியே எஞ்சியது.

2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐக்கிய நாடுகள் அவை நடத்திய இனவெறிக்கு எதிரான மாநாட்டில், பிறப்புவழிப்பட்ட சாதி ஒடுக்குமுறையையும் இனவெறிக்கு இணையாகக் கருத வேண்டும் எனத் தலித் அமைப்புகள் வாதிட்டன. இந்திய அரசு அதனை ஏற்கவில்லை. அரசு ஏற்க மறுத்த அவ்வொடுக்குமுறைக்குத் தன் வாழ்வையே சாட்சியாக்கி, நான்கு ஆண்டுகளுக்குப் பின், எழுத்தாளர் பாமாவின் 'கருக்கு' (1992) திறந்துவிட்ட தலித் தன்வரலாற்றுத் தடத்தில், குணசேகரனின் 'வடு' வெளிவந்தது. மேடையில் பிறரை நோக்கிப் பாடியவர் இந்நூலில் தம் இளமைக்குத் திரும்பி, பசியையும் பள்ளியில் சாதி கேட்கப்பட்ட தருணங்களையும், இளையான்குடி முஸ்லிம்களிடையே தீண்டாமை இன்றி வாழ்ந்ததையும், சுற்றுப்புற ஊர்களுக்குள் நுழைந்ததும் அந்நிலை மாறியதையும் மிகையின்றிப் பதிவுசெய்கிறார். தம்மை வீரராக நிறுத்திக்கொள்ளாத அந்த நடையில், சிறுவன் ஒருவன் அவமானத்தை வழக்கம் என்றே எண்ணிப் பழகிப்போனதும் மறைக்கப்படவில்லை. ட்ரெமன்ஹீர் வெளியே நின்று கண்டு எழுதியது நிலமும் கூலியும் மனையும் பற்றிய கணக்கு. அந்த ஒழுங்கு ஒரு குழந்தையின் மனத்தில் எவ்வாறு குடியேறுகிறது என்பதை அதற்குள் வளர்ந்த ஒருவரே சொல்ல முடிந்தது. 2016 ஜனவரியில் அவர் மறையும்போது, பறைப் பயிற்சி நகரத்து இளைஞர்களும் பெண்களும் விரும்பிச் சேரும் ஒன்றாகியிருந்தது. சாவு வீட்டுப் பறைக்கு இன்ன குடும்பம்தான் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்போ ஊர்களிலிருந்து முற்றாக நீங்கியிருக்கவில்லை.